சேலத்துக்காரர் விமான டிக்கெட் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது எந்த ஏர்போர்ட்

எந்த கம்பெனி விமானம் மலிவு என்று தேடுவதற்கு முன்னால் எந்த ஏர்போர்ட்டில் ஏறப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள், பாதிப் பணம் அங்கேதான் மிச்சமாகும். காமலாபுரத்தில் நம் ஊர் ஏர்போர்ட் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கிளம்புவது ஒரு சில ஊர்களுக்குத்தான். கோவையும் திருச்சியும் சுமார் மூன்று மணி நேரம். பெங்களூரு ஏர்போர்ட் ஊரைத் தாண்டி தேவனஹள்ளியில் இருப்பதால் ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி, மும்பை என்றால் பெரும்பாலும் பெங்களூருவில்தான் குறைவாகக் கிடைக்கும், அங்கே விமானங்களும் அதிகம், போட்டியும் அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்றால் திருச்சியைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஆனால் டிக்கெட் விலையோடு கணக்கை நிறுத்தக் கூடாது. தனி ஆளாகப் போகிறவர் ஓசூர் வழி பஸ்ஸில் போய் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி ஏர்போர்ட் போகும் வாயு வஜ்ரா பஸ் பிடித்தால் பெங்களூரு லாபம்தான். அதே பயணத்தைக் குழந்தைகளோடு டாக்ஸி வைத்துப் போனால், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்ந்து சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு வேறு. விடியற்காலை விமானம் மலிவாக இருக்கிறதே என்று போட்டுவிட்டால், ராத்திரியில் மலையிறங்க வண்டிக்குத் தனியாக அழ வேண்டும்.

சரி, ஏர்போர்ட் முடிவானது. அடுத்து தேதி. கூகுள் ஃப்ளைட்ஸில் தேதிக் கட்டத்தைத் தொட்டால் நாள்வாரியாக விலை வரும், ஒரு நாள் முன்னே பின்னே தள்ளினாலே வித்தியாசம் தெரியும். இன்னும் நாள் இருந்தால் விலைக் கண்காணிப்பை ஆன் செய்துவிடுங்கள், ஏறி இறங்கினால் மெயில் வரும். தீபாவளி, பொங்கல் டிக்கெட்டுக்கு மட்டும் விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை போட்டால் மலிவு, பிரவுசரில் தேடியதைச் சேமிக்காத இன்காக்னிட்டோவில் தேடினால் மலிவு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி சீட்டுகளையே விமான கம்பெனிகள் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கின்றன. குறைந்த படியில் இரண்டு சீட்டுதான் மீதி என்று வையுங்கள், நீங்கள் நாலு பேருக்குத் தேடினால் பெரும்பாலும் நாலு பேருக்குமே அடுத்த படி விலையைத்தான் காட்டும். உதாரணத்துக்குக் குறைந்த விலை 4,500, அடுத்தது 6,200 என்றால் நாலு பேருக்கு 24,800 கேட்கும். இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் போட்டால் 21,400, அதாவது 3,400 ரூபாய் கையில் நிற்கும். அதனால் முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், அப்புறம் இருவருக்கு, அப்புறம் எல்லோருக்கும். பிரித்துப் போட்டால் பிஎன்ஆர் இரண்டாகிவிடும், விமானம் ரத்தானால் இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். வயதானவர்களைத் தனி டிக்கெட்டில் விடாதீர்கள்.

மேக்மைட்ரிப் மாதிரி தளங்களில் விலையை ஒப்பிடுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் விமான கம்பெனியின் சொந்தத் தளத்தையும் திறந்து, கன்வீனியன்ஸ் ஃபீஸ் சேர்ந்த கடைசித் தொகையைப் பாருங்கள். வங்கிக் கார்டு தள்ளுபடி இருந்தால் வெளித்தளம் ஜெயிக்கும், இல்லாவிட்டால் சொந்தத் தளத்திலேயே போடுவது நல்லது, பிறகு தேதி மாற்றவோ ரத்து செய்யவோ நடுவில் ஆள் இருக்க மாட்டார். இன்சூரன்ஸ் டிக் ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சீட் தேர்வைத் தாண்டிப் போங்கள், வெப் செக்-இன்னில் ஏதாவது ஒரு சீட் இலவசமாகவே வரும். லக்கேஜ் அதிகம் என்றால் கூடுதல் கிலோவை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள், கவுண்டரில் கேட்டால் விலை கூடுதல்.