அட்டையில் புடைப்பு வேலை: ஹீட் கன் வாங்குவதற்கு முன் ஒரு தீர்ந்த பேனாவோடு தொடங்குங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் எல்லாமே நமுத்துப்போகும். அப்பளம், தீப்பெட்டி, உப்பு, கூடவே நான் கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருக்கும் கார்டு ஷீட். பொங்கல் வாழ்த்து அட்டை வேலையைத் தொடங்க வேண்டிய மாதமும் அதுதான். அதனால் காவிரிக் கரையில் எம்பாஸிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஈரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; கடையில் விற்கும் பெட்டிகளின் மேல் அது எழுதியிருக்காது.

எம்பாஸிங் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் விரலுக்குத் தட்டுப்படுவாரே, அதுதான். காகிதத்தில் உருவத்தை மேடாக எழுப்புவது. வீட்டில் இதை மூன்று விதமாகச் செய்யலாம்: பின்பக்கமிருந்து அழுத்தி எழுப்பலாம், ஹீட் கன் என்கிற சூடான காற்றை ஊதும் கருவியால் பொடியை உருக்கி எழுப்பலாம், பசையைத் தடவி எழுப்பலாம். முதல் வழிக்குக் காசே தேவையில்லை. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அழுத்தி எழுப்புவது

முதலில் காகிதம். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை உள்ள, பளபளப்பில்லாத அட்டை வேண்டும். பள்ளிக்கூடச் சார்ட் பேப்பர் மெல்லிசு, மேடு நிற்காது. வழவழப்பான ஆர்ட் கார்டு மேடு எழும் இடத்தில் வெடித்துக் கோடு விழும். பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள், ஐவரி கார்டு வெட்டிய துண்டுகள் கிடைக்கும். எனக்குப் பாதி அட்டை அப்படித்தான் வருகிறது. கையால் செய்த காகிதமும் நன்றாக வளைந்து கொடுக்கும்.

அடுத்து ஸ்டென்சில், அதாவது உருவத்தை ஓட்டையாக வெட்டிய தகடு. பழைய எக்ஸ்ரே ஷீட் எல்லார் வீட்டுப் பீரோவிலும் ஒன்று இருக்கும். அதில் ஒரு மாங்காயோ வெற்றிலையோ கட்டரால் வெட்டிக்கொள்ளுங்கள். 4, 5 செ.மீ. போதும். சிலர் எக்ஸ்ரேயின் கருப்பைக் கழுவிவிட்டு வெட்டுவார்கள். இந்த வேலைக்கு அந்தக் கருப்பு இருக்கட்டும். கீழே வெளிச்சம் வைத்தால் வெட்டிய இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஒற்றை ஷீட் மெல்லிசாக இருக்கும், மேடு உயராது. ஒரே மாதிரி இரண்டு வெட்டி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிட்டால் சரியான தடிமன். சட்டைப் பெட்டி அட்டையிலும் வெட்டலாம். தினசரிக் காலண்டர் அட்டை மட்டும் வேண்டாம், அந்த ஆழத்துக்குள் தள்ளினால் காகிதம் கிழிந்துவிடும்.

அழுத்துவதற்கு மை சுத்தமாகத் தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. "தீர்ந்துவிட்டது" என்று நாம் நினைக்கும் பேனாவில் பெரும்பாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், வேஸ்ட் தாளில் கிறுக்கிப் பார்த்துவிடுங்கள். அகலமான இடத்துக்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் மழுங்கிய முனை. இரண்டு பக்கமும் குண்டு முனை வைத்த எம்பாஸிங் ஸ்டைலஸ் கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. ஆசை இருந்தால் வாங்குங்கள்.

இனி வேலை.

1. இரண்டு தடிப் புத்தகங்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் போட்டோ பிரேம் கண்ணாடியை வையுங்கள். கீழே செல்போன் டார்ச்சை மேல் நோக்கிப் போட்டுவிடுங்கள். பகலில் என்றால் ஜன்னல் கண்ணாடியே போதும்.

2. ஸ்டென்சிலைக் கண்ணாடி மேல் டேப் போட்டு ஒட்டுங்கள்.

3. அதன் மேல் அட்டையை, நல்ல பக்கம் கீழே போகும்படி கவிழ்த்து வையுங்கள். இரண்டு மூலையில் மட்டும் டேப். அட்டை நகர்ந்தால் எல்லாம் போச்சு.

4. பேனா முனையை வெள்ளை மெழுகுவர்த்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பூ தைக்கிறவர்கள் ஊசியைத் தலைமுடியில் தேய்ப்பார்களே, அந்த வழக்கம் இங்கே ஆகாது. எண்ணெய்க் கறை அட்டையில் முன்பக்கம் வரை ஊறும்.

5. வெளிச்சம் தெரியும் உருவத்தின் ஓரத்தை மட்டும், ஸ்டென்சிலின் விளிம்பை ஒட்டி, மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். முதல் சுற்று தடவுவது போல இருக்கட்டும், இரண்டாவதில் கொஞ்சம் அழுத்தம், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம்.

6. அட்டையை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள்.

ஐந்தாவது படியில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் தவறுகிறார்கள். உருவம் முழுக்க மேடாக வேண்டும் என்று நடுவிலெல்லாம் போட்டுத் தேய்ப்பார்கள். நடுவில் தேய்த்தால் காகிதம் தளர்ந்து சுருங்கி அப்பளம் மாதிரி ஆகும். ஓரத்தில் மட்டும் அழுத்தினால் நடுப்பகுதி தானாக மேலே வந்து நிற்கும். வெள்ளை அட்டையில் வெள்ளை மேட்டை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது ஓரத்தில் விழும் நிழல். ஓரம் கூர்மையாக இருந்தால் மாங்காய், மழுங்கினால் ஏதோ ஒரு வீக்கம்.

இன்னொன்று, எழுத்து. அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்கிறோம், திருப்பினால் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும். முதல் வருஷம் "பொங்கல்" என்று 20 அட்டை செய்து காயப் போட்டதுபோல வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அண்ணன் மகள் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது தெலுங்கா?" என்றாள். 20 அட்டையும் கண்ணாடியில் காட்டினால்தான் தமிழ். எழுத்து வெட்டிய ஸ்டென்சிலைக் கண்ணாடி மேல் ஒட்டும்போதே புரட்டி ஒட்டிவிடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது தப்பாகத் தெரிந்தால் சரியாக வரும்.

ஒரு யோசனை. மடித்த வாழ்த்து அட்டையின் மேலேயே நேராகச் செய்யாதீர்கள். உள்பக்கம் பள்ளம் பள்ளமாக இருக்கும், எழுதவும் வராது. ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் ஓர் அட்டை. தனியாக 9 க்கு 13 செ.மீ. துண்டில் புடைப்பு வேலை செய்து, அதை மடித்த அட்டையின் முகப்பில் ஃபோம் டேப் வைத்து ஒட்டினால் நன்றாக எடுத்துக் காட்டும்.

ஸ்டென்சில் இல்லாமல் ஒரு கோலம்

இது எனக்கு மிகவும் பிடித்தது. கோலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடம் வலம் தொந்தரவும் கிடையாது.

கண்ணாடிக்குப் பதில் மவுஸ் பேட் அல்லது நாலைந்தாக மடித்த செய்தித்தாள். அட்டையின் பின்பக்கம் பென்சிலால் ஒரு செ.மீ. இடைவெளியில் 5 புள்ளி 5 வரிசை, நேர்ப்புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பின்னல் ஊசியின் முனையை வைத்து, அழுத்தி, ஒரு சிறு சுழற்று. திருப்பினால் முத்து முத்தாக எழுந்திருக்கும். இப்போது முன்பக்கத்தில், அதே மெத்தை மேல் வைத்தே, தீர்ந்த பேனாவால் புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடுங்கள். புள்ளி மேடு, கம்பி பள்ளம். நிறமே இல்லாமல் ஒரு வாசல் வந்துவிடும். கெட்டி மேஜை மேல் வைத்துக் கம்பி இழுத்தால் புள்ளிகள் நசுங்கும், அதை மட்டும் மறக்காதீர்கள். வாசலில் போடும்போது இழை தப்பினால் காலால் அழித்துவிடலாம். இங்கே முடியாது, அதனால் ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டு பிறகு அட்டைக்கு வாருங்கள்.

பொடியை உருக்குவது

பளபளவென்று தங்க நிறத்தில், தொட்டால் மேடாக இருக்கும் எழுத்து வேண்டுமென்றால் இந்த வழி. ரப்பர் ஸ்டாம்ப், மெதுவாகக் காயும் பிக்மென்ட் இங்க், எம்பாஸிங் பவுடர், ஹீட் கன் நான்கும் வேண்டும். ஆபீஸ் முத்திரைப் பேட் மை உடனே காய்ந்துவிடும், பொடி ஒட்டாது. அவசரத்துக்கு, சுத்தமான ஃபோம் துண்டில் சில சொட்டுக் கிளிசரினைத் தடவி, அதில் ஸ்டாம்பை ஒற்றி எடுத்து அடிக்கலாம். ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஸ்டாம்ப் அடித்தவுடன் பொடியைத் தாராளமாகக் கொட்டி, அட்டையைச் சாய்த்து, பின்பக்கம் ஒரு தட்டு. மிச்சப் பொடி கீழே விரித்த தாளில் விழும், அதை மடித்து டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிடலாம். எழுத்துக்கு வெளியே ஒட்டியிருக்கும் துகள்களைக் காய்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். ஹீட் கன்னை அட்டைக்குத் தள்ளிப் பிடித்து அரை நிமிஷம் சூடேற விடுங்கள், பிறகு கிட்டே கொண்டுவாருங்கள். சர்க்கரை மாதிரி சொரசொரவென்று இருக்கும் பொடி ஒரு கணத்தில் இளகிப் பளபளக்கும். பளபளத்த இடத்தை விட்டு உடனே நகர்ந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் காட்டலாமே என்று நின்றால் மேடு அமுங்கி, எண்ணெய் சிந்தியது மாதிரி ஆகிவிடும். அட்டையைக் கையால் பிடிக்காதீர்கள், துணிக் கிளிப்பால் பிடியுங்கள். குழந்தைகள் கையில் ஹீட் கன் வேண்டாம்.

முடி உலர்த்தும் டிரையர் உதவுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உதவாது. சூடு போதாது, காற்று வேறு பொடியை ஊதித் தள்ளும். ஹீட் கன் இல்லாதவர்கள் இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் நன்றாகச் சூடாக்கி, தலைகீழாக நிறுத்தி, அதற்குச் சற்று மேலே அட்டையைப் பொடிப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கலாம். மெதுவாக ஆகும், ஆனால் ஆகும். அடுப்புத் தீயில் காட்டாதீர்கள், பொடி உருகுவதற்குள் அட்டை கருகும்.

ஈரக் கதைக்கு வருகிறேன். மழை மாதத்தில் அட்டை நமுத்திருந்தால் பொடி எழுத்தில் மட்டும் நிற்காது, விரல் பட்ட இடம், வியர்வை பட்ட இடம் எல்லாவற்றிலும் போய் ஒட்டும். உருக்கிய பிறகு ஒவ்வொரு துகளும் ஒரு தங்கப் பரு. ஸ்டாம்ப் அடிப்பதற்கு முன் அட்டையை ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டுங்கள், அல்லது இரண்டு பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து அட்டை மேல் ஒற்றி, துடைத்துவிடுங்கள். பொடி டப்பாவிலும் அட்டை வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பொடியைத் திறக்க வேண்டும். சித்திரையில் இதைச் செய்து பாருங்கள், கலைக்கு எவ்வளவு வியர்வை சிந்தலாம் என்று தெரியும்.

பசை தடவி எழுப்புவது

தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் தூணும் மேடாக இருக்கின்றனவே, அது சுண்ணாம்புத் தூளையும் கோந்தையும் குழைத்து எழுப்பியது. அதன் மேல்தான் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அதே சூத்திரத்தின் ஏழைத் தங்கச்சி நம்முடையது: சாக்குத்தூள் 2 ஸ்பூன், ஃபெவிகால் 1 ஸ்பூன், வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் கொஞ்சம். மெதுவடை மாவு பதம் வர வேண்டும். இட்லி மாவுப் பதத்தில் இருந்தால் ஸ்டென்சிலுக்கு அடியில் ஓடிவிடும், இன்னும் கொஞ்சம் தூள் சேருங்கள்.

ஸ்டென்சிலை இந்தத் தடவை அட்டையின் முன்பக்கத்திலேயே ஒட்டுங்கள், எழுத்தைப் புரட்ட வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டால் பசையை ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, ஸ்டென்சிலை நேர் மேலாகத் தூக்குங்கள். உடனே அதைக் கழுவிவிடுங்கள். கோவில் கடைகளில் ஓட்டை போட்ட தகரக் கோலத் தட்டு விற்கிறார்களே, அதை வைத்துத் தடவினால் புள்ளிப் புள்ளியாக ஒரு கோலம் எழும். வெயில் காலத்தில் ஒரே ராத்திரியில் காயும், ஐப்பசியில் இரண்டு நாள் விடுங்கள்.

எம்பாஸிங் போல்டரும் (மேடு பள்ளமாக வடிவம் செதுக்கிய மடிப்புப் பிளாஸ்டிக் தகடு) உருளை மெஷினும் பற்றி ஒரு வார்த்தை. போல்டருக்குள் அட்டையை வைத்து மெஷினில் சுற்றினால் பக்கம் முழுக்க வடிவம் பதியும். நிறைய அட்டை செய்கிறவர்களுக்கு லாபம். போல்டரை மட்டும் வாங்கிச் சப்பாத்திக் கட்டையால் உருட்டிப் பார்த்தேன், நடுவில் பதிந்தது, ஓரம் பதியவே இல்லை.

ஸ்கிராப்புக்கில் என்றால்

போட்டோக்களை ஒட்டி அலங்கரித்து வைக்கும் புத்தகம்தான் ஸ்கிராப்புக். அதில் ஆடிப்பெருக்குப் படங்களுக்கு ஒரு பக்கம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்தின் கீழ்ப்பாதியில் அலை அலையாகக் கோடுகளைப் பின்பக்கமிருந்து மெத்தை மேல் வைத்து அழுத்தினால் ஆறு ஓட ஆரம்பித்துவிடும். புடைப்பு வேலை முழுவதையும் முடித்துவிட்டு, கடைசியாகப் போட்டோ ஒட்டுங்கள். ஒட்டிய படத்துக்குப் பக்கத்தில் ஹீட் கன் காட்டினால் படம் சுருளும்.

ஸ்கிராப்புக்கின் பெரிய எதிரி அதன் சொந்தப் பாரம். புத்தகத்தை மூடினால் எதிர்ப் பக்கம் அழுத்தி மேடுகள் படுத்துவிடும். இதற்கு வழி தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்கிறவர்களிடம் இருக்கிறது. வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவம் எழுப்பிய பிறகு, பின்பக்கப் பள்ளத்தில் மெழுகுக் கலவையை நிரப்பித்தான் தட்டில் பொருத்துவார்கள். பிறகு அது அமுங்காது. நாம் மேலே சொன்ன சாக்குத்தூள் பசையையே பின்பக்கப் பள்ளத்தில் மெல்லிசாக நிரப்பிக் காயவிடலாம். பெரிய உருவங்களுக்கு இது நன்றாக நிற்கிறது. சின்னக் கோடுகளுக்கு வேண்டாம், ஈரத்தில் அட்டை வளைந்துவிடும். எதிர்ப் பக்கத்துப் போட்டோ உரசாமல் இருக்க நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள்.

தபாலில் அனுப்பும் அட்டைக்கும் இதே பிரச்சினைதான். கவருக்குள் அட்டையின் மேல், நடுவில் ஜன்னல் வெட்டிய மெல்லிய அட்டைச் சட்டம் ஒன்றை வைத்துவிடுங்கள், முத்திரை குத்தும்போது அடி சட்டத்தின் மேல் விழும். 250 ஜிஎஸ்எம்மில் மடித்த அட்டையும் முகப்புத் துண்டும் சேர்ந்து 11 கிராம் வரும். சட்டமும் கவரும் சேர்ந்தால் 20 கிராமைத் தொட்டுவிடும், அதைத் தாண்டினால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். மார்கழி 20 க்குள் பெட்டியில் போட்டுவிட்டால் பொங்கலுக்கு முன் போய்ச் சேரும்.