கோஸ்டா ரிக்காவில் கப்பல் நிற்கும் இரண்டு நாள்: மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

புன்டரேனஸ் துறையில் கப்பலைக் கட்டி, படி இறக்கி, குடியேற்ற அதிகாரிகள் முத்திரை குத்தி முடித்ததும் முதலில் இறங்கிய நான்கு மாணவர்கள் நேரே ஒரு வேன் ஓட்டுநரிடம் போனார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதைத் தூக்கி வைச்சு போட்டோ எடுக்க எங்கே போகணும்?" என்று கேட்டார்கள். படத்தில் ஒரு ஸ்லாத் (மரக்கிளையில் தொங்கி வாழும், மிக மெதுவாக நகரும் விலங்கு), யாரோ ஒரு பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னால் நின்ற எனக்குப் பாதி கோபம், பாதி வெட்கம். நான் மாணவனாக வந்த முதல் பயணத்தில் இதே ஊரில் இதே கேள்வியைத்தான் கேட்டேன். எனக்குக் கிடைத்த ஆள் தலையை ஆட்டவில்லை, கூட்டிக்கொண்டே போய்விட்டான்.

இப்போது களப்பயிற்சி உதவியாளனாக மாணவர் கப்பல்களில் வருகிறேன். இந்த நிறுத்தம் பெரும்பாலும் இரண்டு நாள். சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில், பாஸ்போர்ட் நகல் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் கப்பலிலேயே மூன்று தடவை சொல்லிவிடுவார்கள்.

பதினோரு மணிக்குக் காட்டுக்குள் போவது

கோஸ்டா ரிக்கா பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய காலை 5.15-க்கும் 6-க்கும் இடையில் எழும், மாலையிலும் கிட்டத்தட்ட அதே கணக்கில் விழுந்துவிடும். பறவையும் குரங்கும் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்து இரண்டு மணி நேரம், பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம். கப்பல் சோதனை முடிந்து கீழே இறங்கவே ஒன்பது ஆகிவிடும். அவசரமாக வேன் பிடித்துக் கராரா தேசியப் பூங்காவுக்குப் போனால் உச்சி வெயிலில் சில்வண்டுச் சத்தம் மட்டும்தான் கிடைக்கும். "ஒண்ணுமே இல்லை சார்" என்று திரும்பி வருவார்கள். காட்டில் இல்லாமல் இல்லை, எல்லாம் நிழலில் படுத்திருக்கிறது.

முதல் நாளை ஊருக்குக் கொடுங்கள். நாலு மணி வாக்கில் தார்கோலெஸ் ஆற்றுப் பாலத்துக்குப் போங்கள். கீழே சேற்றுத் திட்டில் அமெரிக்க முதலைகள் கிடக்கும். எல்லோரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். கராரா காட்டில் பகலைக் கழித்த செம்மக்காக் கிளிகள் இரவு தங்கக் கடலோர அலையாத்திப் பக்கம் கிளம்பும் நேரம் அது. முதலில் தகரத்தைக் கீறுவது போல ஒரு சத்தம். அப்புறம்தான் பறவை தெரியும். அநேகமாக ஜோடியாகத்தான் வரும். ஒன்றின் இறக்கை நுனி மற்றதை உரசுகிறதோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கமாகப் பறக்கும்.

இரண்டாம் நாள் விடியலைக் காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கராராவில் வடக்கின் வறண்ட காடும் தெற்கின் மழைக்காடும் சந்திக்கின்றன. அதனால் இரண்டு பக்கத்து உயிர்களும் ஒரே பாதையில் கிடைக்கும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் கொட்டும், அதற்கும் காலையே நல்லது.

ஸ்லாத்தைத் தூக்குவது

முதலில் பெயர். தமிழ் மாணவர்கள் இதைத் தேவாங்கு என்கிறார்கள், சில கட்டுரைகளிலும் அப்படி எழுதிவிடுகிறார்கள். தேவாங்கு நம்மூர் விலங்கு. குரங்குகளுக்குச் சொந்தம், முட்டைக் கண், பூச்சி பிடித்துத் தின்னும். ஸ்லாத் அமெரிக்கக் கண்டத்து விலங்கு, உடலெல்லாம் ஓடு போர்த்திய ஆர்மடில்லோவுக்குத் தூரத்து உறவு. இரண்டும் மெதுவாக நகரும் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை பெரிதாக இல்லை. மனிதர் கையில் இரண்டும் சீரழிவதை வேண்டுமானால் இன்னொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

என் கதைக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரம், ஒரு மரநிழல். தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கூடை, மேலே ஈரத் துண்டு. துண்டை எடுத்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்லாத். நாங்கள் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு டாலர் நோட்டு நீட்டினோம். என் முறை வந்தபோது அதன் முடி தேங்காய் நார் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. லேசாகப் பச்சை படிந்து, மழையில் நனைந்த சாக்கு வாடை. நகங்களை என் பனியன் கழுத்தில் கொக்கியாக மாட்டிக்கொண்டு விடவே இல்லை. "பாருடா, என்னைப் பிடிச்சுப் போச்சு" என்று நான் சிரித்தேன். கூடைக்காரன் ஒவ்வொரு நகமாகக் கழற்றி எடுத்து அடுத்தவன் கழுத்தில் மாட்டினான்.

எங்களுடன் வந்த வழிகாட்டி உள்ளூர்ப் பெண். கடைக்குப் போயிருந்தவர் திரும்பி வந்து இதைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தார். மதியம் எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போவதாக இருந்தது. விறகடுப்பில் அவருடைய அம்மா டார்ட்டில்லா என்ற சோள ரொட்டி சுடக் கற்றுத் தருவதாகப் பேச்சு. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றார். காலையில் போனில் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். வேன் நேரே துறைக்குத் திரும்பியது.

இறங்கும்போது நான் மட்டும் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று சரியாகத் தெரியாமலேயே. அப்போதுதான் சொன்னார். அது உன்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது, நீ அதற்கு ஒரு கிளை. அசையாமல் இருப்பதுதான் அதன் தற்காப்பு. கழுகு கண்ணில் படாமலிருக்க அது கற்ற வித்தை அது ஒன்றே. அதனால் பயந்தாலும் பெரும்பாலும் கத்தாது, திமிறாது. அதைப் பார்த்து 'சாது' என்கிறீர்கள். இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "குட்டி மாதக்கணக்கில் தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அது தனியாகக் கூடைக்குள் எப்படி வந்தது?" பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை எல்லாம் அவர் பேச்சை இன்னும் கனமாக்கின. கோஸ்டா ரிக்காவில் இரண்டு வகை: முன்கையில் மூன்று நகம் உள்ளது ஒன்று, இரண்டு நகம் உள்ளது இன்னொன்று. மூன்று நக வகையின் முகத்தில் தெரியும் சிரிப்பு வெறும் முடியின் நிறமும் வாய்க்கோடும். உயிர் போனாலும் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கும். தின்ற இலை செரிக்கவே நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். உடல் சூடு சுற்றுப்புறத்தோடு ஏறி இறங்கும். மலம் கழிக்க வாரத்துக்கு ஒரு தடவை போலத்தான் தரைக்கு வரும். இவ்வளவு சிக்கனமாக வாழும் பிராணியைப் பத்துக் கழுத்து மாற்றினால் அதற்கு என்ன மிஞ்சும்? முடியில் படிந்திருந்த பச்சை ஒரு பாசி. அதற்குள் அந்துப்பூச்சிகளும் குடியிருக்கின்றன. நாங்கள் பத்துப் பேரும் காலையில் கொசு மருந்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. காட்டு விலங்கை வீட்டில் வைப்பதும் அதற்குத் தீனி போடுவதும் அங்கே சட்டப்படி தப்பு. காட்டு விலங்கோடு செல்ஃபி எடுக்காதீர்கள் என்று 2019-இல் அரசே பிரசாரம் தொடங்கியது. சாலையோரக் கூடைகள் குறைந்துவிட்டன. ஆனால் 'மீட்பு மையம்' என்று பலகை மாட்டிக்கொண்டு அதே வியாபாரம் செய்பவர்கள் இருக்கலாம், இதில்தான் மாணவர்கள் விழுகிறார்கள். காசு நல்ல காரியத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: "தொடலாமா?" 'ஆமாம், தொடலாம்' என்றால் அங்கே போகாதீர்கள். ஒழுங்கான மையம் உங்களைத் தள்ளி நிறுத்தும், எத்தனை விலங்குகளைத் திரும்பக் காட்டில் விட்டோம் என்பதைப் பற்றிப் பேசும்.

முக்காலித் தொலைநோக்கி வைத்திருக்கும் வழிகாட்டிக்கு அந்தக் காசைக் கொடுங்கள். விரித்த கை போன்ற இலை உள்ள செக்ரோப்பியா மரங்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். இலை அடர்த்தி குறைவு என்பதால் உச்சியில் கிடக்கும் சாம்பல் உருண்டை அந்த மரத்தில்தான் சுலபமாகத் தெரியும். தொலைநோக்கிக் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்தால் நகம் வரை படம் விழும். இந்த முறை அந்த நான்கு பேரையும் விடியலில் இழுத்துப்போனேன். நாற்பது நிமிஷம் நின்றோம். ஸ்லாத் ஒரு தடவை விலாவைச் சொறிந்தது, மிக மிக நிதானமாக. "இவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன். இவ்வளவுதான் என்றேன். இன்னொருத்தி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

முப்பது பேர் சேர்ந்து நடப்பது

வேண்டாம். ஆறு பேர் போதும்.

கேள்வியோடு பேச்சைத் தொடங்குவது

கடைக்குள் நுழைந்ததும் "எவ்வளவு?" என்று கேட்பது நம்மிடமும் பழக்கம்தான். இங்கே முதலில் "புவேனஸ்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். பேருந்தில் ஏறினாலும், காத்திருக்கும் அறைக்குள் போனாலும் அதே. பள்ளியில் ஸ்பானிஷ் படித்த மாணவர்கள் எல்லோரையும் 'நீ' போட்டு அழைப்பார்கள். இங்கே நண்பர்களுக்குள்ளேயே 'நீங்கள்' என்ற பொருள் தரும் 'உஸ்தேத்' சாதாரணம். கிராமத்துச் சாலையில் எதிரே வருபவர் "அடியோஸ்" என்பார். ஒரு மாணவி, விடைகொடுத்துத் துரத்துகிறார்கள் என்று நினைத்து முகம் வாடித் திரும்பி வந்தாள். கடந்து போகிறவருக்கு இங்கே அதுவே வணக்கம்.

வழி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். "தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே" என்பார்கள். 100 மீட்டர் என்றால் ஒரு தெருமுனை தூரம், டேப் வைத்து அளக்காதீர்கள். 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி இரண்டாவது சந்து' என்று வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை. மேப்பை நம்பியவர்கள்தான் தொலைகிறார்கள்.

'சோடா' என்ற பலகையைப் பார்த்துக் குளிர்பானக் கடை என்று தாண்டிப்போய், துறைமுகத்து வாசலில் இரு மடங்கு விலைக்கு பர்கர் தின்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். சோடா என்றால் நம்மூர் மெஸ். சோறு, பீன்ஸ், வாழைப்பழ வறுவல், சாலட், கூட ஒரு துண்டு மீனோ கோழியோ சேர்ந்த தட்டுக்கு 'கசாடோ' என்று பெயர். உள்ளூர்க்காரர்களோடு தோள் இடித்து உட்கார இதைவிட நல்ல இடம் இந்த நிறுத்தத்தில் கிடையாது.

முகமூடிக்குப் பேரம்

போருகா இனத்தவர் பால்சா மரத்தில் செதுக்கும் பிசாசு முகமூடிகள் கடைகளில் தொங்கும். டிசம்பர் 30-இல் தொடங்கும் அவர்களுடைய ஆட்டத்தில் முகமூடி போட்டவர்கள் போருகா மக்கள், எதிரே வரும் காளை ஸ்பானியர். கடைசியில் காளை சாகும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். இங்கே பேரம் பேசுவது பெரிய வழக்கமே இல்லை. எனக்கு இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு: அதே மாணவர் அன்று மாலை கப்பல் கேன்டீனில் காபிக்கு மறுபேச்சில்லாமல் காசு கொடுப்பார்.

பார்க்காமல் கைப்பிடியைப் பிடிப்பது

காட்டுப் பாதையில் கயிறு, கம்பி, மரக்கிளை எதுவானாலும் கண் முதலில், கை பிறகு. இமைப்பாம்பு என்னும் சிறிய விரியன் கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும். தரையில் தெர்சியோபெலோ என்ற விரியன், இந்த நாட்டின் பாம்புக்கடிகளில் பெரும்பகுதி அதனுடையது. 1970 முதல் இயங்கும் கிளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் இதற்கெல்லாம் விஷமுறிவு மருந்து தயாரிக்கிறது. மருந்து இருக்கிறது என்பதற்காகச் செருப்போடு போகாதீர்கள், மூடிய ஷூ போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை மனுவேல் அன்டோனியோ

அன்று இந்தத் தேசியப் பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாளிலும் டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில்தான். பையில் சிப்ஸ் வேண்டாம்: உள்ளே அனுமதியில்லை, கபுசின் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

சிப்பி பொறுக்குவது

போட்டுவிட்டு வாருங்கள். துறவி நண்டுக்கு அது வீடு.

எந்தக் கடிகாரம்?

பனாமாவிலிருந்து வரும் கப்பல் சில சமயம் கடிகாரத்தை மாற்றாமலே நிற்கும். பனாமா ஒரு மணி நேரம் முன்னால். கரையில் உங்கள் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், போனில் ஐந்து என்றால் கப்பலில் ஆறு. ஒரு முறை இரண்டு பேர் கையில் ஐஸ் கோப்பையோடு நிதானமாக வந்தார்கள். படி தூக்க நாலு நிமிஷம் பாக்கி. கீழே இறங்கும் முன் படிக்கட்டருகே உள்ள பலகையில் எழுதியிருக்கும் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.