நீலகிரி மலையில் இருக்கும் கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பான்சர் செய்யப் போகிறீர்களா? முதலில் காகிதங்களைப் பாருங்கள்

நீங்கள் கனடாவில், கணவரோ மனைவியோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ என்றால், ஐஎம்எம் படிவங்களை (கனடா குடியேற்றத் துறையின் விண்ணப்பப் படிவங்கள்) திறக்கும் முன்னால் ஊரில் பீரோவுக்குள் இருக்கும் காகிதங்களை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். படிவத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி, கல்யாணச் சான்றில் இன்னொரு எழுத்து என்று கிடந்தால்தான் இழுத்துக்கொண்டே போகும்.

தகுதி பெரிய விஷயமில்லை. ஸ்பான்சர் செய்யும் உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், கனடா குடியுரிமையோ பிஆரோ (நிரந்தர வசிப்புரிமை) இருக்க வேண்டும். பிஆர் மட்டும் இருந்தால் நீங்கள் கனடாவிலேயே வசிக்க வேண்டும். உங்களையே யாராவது துணையாக ஸ்பான்சர் செய்து அழைத்திருந்தால், உங்களுக்குப் பிஆர் கிடைத்து 5 ஆண்டு ஆகும்வரை இன்னொரு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது. துணைக்குப் பெரும்பாலும் வருமான வரம்பு கிடையாது, ஆனால் ஊனம் தவிர வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் முடியாது. 3 ஆண்டுக்கு அவர் செலவு உங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறீர்கள், நடுவில் பிரிந்துவிட்டாலும் அந்தப் பொறுப்பு போகாது.

சரி, கல்யாணச் சான்று. மண்டபப் பத்திரிகையும் ஆல்பமும் மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்று வேண்டும். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அதையும் விட்டவர்கள் வழக்கமாக இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவார்கள். தோடர், கோத்தர், குறும்பர், பணியர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு அந்த வழி இல்லை, அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே அந்த வீடுகளில் 2009 சட்டத்தின் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

படுகர் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில் நடப்பது நமக்கு வழக்கம். புரோகிதரும் அக்கினியும் இல்லாத படங்களைப் பார்க்கும் அதிகாரிக்கு, இது கல்யாணம்தானா என்று தோன்றக்கூடும். ஒரு பக்கக் கடிதம் எழுதி வையுங்கள்: எங்கள் சமூகத்தில் இப்படித்தான், இந்தப் படத்தில் இருப்பவர் மாமா, இது ஹட்டி (எங்கள் ஊர்), யார் யார் வந்தார்கள் என்று. நூறு படம் அனுப்பி என்ன பயன்? இருபதுக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சில் சில பக்கங்கள், ஊருக்கு வந்துபோன விமானச் சீட்டு, இவை படத்தைவிட அதிகம் பேசும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அப்படியானால் கனடா படிவத்தில் முழுப்பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விடுங்கள். இனிஷியலை விரித்து ஓரிடத்திலும் சுருக்கி இன்னோரிடத்திலும் எழுதாதீர்கள்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் அப்பா அம்மாவின் பிறந்த இடத்தை நீலகிரி என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. நுவரெலியா என்றால் நுவரெலியா என்றே எழுதுங்கள். பழைய குடும்ப அட்டையில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். குழந்தையாக வந்தவருக்கு இலங்கைப் போலீஸ் சான்று தேவையில்லை. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டில், தொடர்ந்து 6 மாதமோ மேலோ தங்கிய நாடுகளுக்குத்தான் கேட்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் பின்னணி விவரங்களைக் கேட்கும் ஐஎம்எம் 5669 படிவத்தில் இடைவெளியே விடக்கூடாது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் வேலையில்லை என்று எழுதுங்கள். டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டில் குடியிருந்தால் கதவு எண் இருக்காது, ரேஷன் கார்டில் உள்ளபடி டிவிஷன் பெயரோடு எழுதினால் போதும். தமிழில் இருக்கும் சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதைச் சொந்தக்காரர் செய்யக்கூடாது.

2024 ஏப்ரல் 30ல் மாற்றியபோது கட்டணம் எல்லாம் சேர்த்து 1,205 கனடா டாலராக இருந்தது, கைரேகைக்கு 85 தனி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், கட்டும் அன்று பார்த்துக் கட்டுங்கள். உறுதியாக விசா வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காசு வாங்கி உதவ வேண்டுமென்றால் அவர் கனடாவின் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும்.

கைரேகைக் கடிதம் வந்ததும் 30 நாள்தான். சென்னையில் கைரேகை கொடுக்க நேரம் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்ட்ரல். ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் ரயிலைத் தவறவிடுவீர்கள், முதல் நாளே கீழே இறங்கிவிடுவது நல்லது.

இதற்கிடையில் குழந்தை பிறந்தால் உடனே தெரிவியுங்கள். கூட வராவிட்டாலும் குழந்தையின் பெயரைச் சேர்த்து மருத்துவப் பரிசோதனை முடித்துவிட வேண்டும், சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பிறகு ஸ்பான்சர் செய்ய முடியாமலே போகலாம்.