ஃப்ரீ ஏஜென்சிக்கு முன் நட்சத்திர பிட்சரை டிரேட் செய்வது: அணிகள் செய்யும் தவறுகள், நாம் செய்யும் தவறுகள்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வொரு ஜூலையிலும் ஏதாவது ஓர் ஊரில் இந்தக் கேள்வி எழும். அணியின் முதல்தர பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. அதன்பின் அவர் ஃப்ரீ ஏஜென்ட். யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். இப்போதே அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று இளம் வீரர்களை வாங்கிக்கொள்வதா, இல்லை கடைசிவரை வைத்திருந்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா? டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர்களுக்கு டாரிக் ஸ்கூபல் விஷயத்தில் இதே தலைவலிதான். 2024, 2025 இரண்டு ஆண்டும் அமெரிக்கன் லீகில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கியவர் அவர். அவருக்கான கெடு 2026 சீசனின் முடிவு.

கேட்டால் எளிய கணக்கு போலத்தான் இருக்கும். ஆனால் கெட்டிக்கார நிர்வாகங்களே இதில் திரும்பத் திரும்பச் சறுக்கியிருக்கின்றன. அந்த டிரேடுகளை எடைபோடும் ரசிகர்களான நாமும் சளைத்தவர்கள் இல்லை.

காலெண்டரைப் பார்க்காமல் விலை பேசுவது

முதலில் விதி. ஒரு வீரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவையை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். இங்கே ஓர் ஆண்டு என்பது 172 நாள். அதுவரை அவர் அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார். ஆகவே டிரேடில் கைமாறுவது அந்தக் கட்டுப்பாட்டில் மிச்சமிருக்கும் காலம்தான். ஒன்றரை ஆண்டு மிச்சமுள்ள பிட்சரும் இரண்டே மாதம் மிச்சமுள்ள பிட்சரும் ஒரே திறமைசாலியாக இருந்தாலும் சந்தையில் ஒரே சரக்கு இல்லை.

டேவிட் பிரைஸ் இதற்கு நல்ல உதாரணம். 2014 ஜூலை 31 அன்று டாம்பா பே ரேஸ் அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒன்றரை சீசன் இருந்தது. வந்தவர்கள் ட்ரூ ஸ்மைலி, நிக் ஃபிராங்க்ளின், அப்புறம் மைனர் லீகில் (இளம் வீரர்கள் தேறிவரும் கீழ்நிலை லீக்) கீழ்மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த வில்லி அடாமஸ் என்ற பதின்வயதுப் பையன். 'ஒரு சை யங் பிட்சருக்கு இவ்வளவுதானா?' என்று அன்று பலரும் கேட்டார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் லீகின் முன்னணி ஷார்ட்ஸ்டாப்களில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஒருவர் ஆனார். ஓராண்டு கழித்து, இரண்டு மாதமே பாக்கி இருந்தபோது, டெட்ராய்ட் அதே பிரைஸை டொரோன்டோவிடம் கொடுத்து மூன்று இளம் இடக்கை பிட்சர்களை வாங்கியது.

காலெண்டரில் இன்னொரு கோடும் உண்டு, பலர் கவனிக்காதது. 2012 முதல் 'குவாலிஃபையிங் ஆஃபர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. சீசன் முழுக்கத் தன்னிடம் இருந்த வீரருக்கு அணி ஓராண்டு ஒப்பந்தத்தை ஒரு குறிப்பிட்ட தொகைக்கு நீட்டலாம்; 2024 சீசன் முடிவில் அது 2.105 கோடி டாலர். அவர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால் பழைய அணிக்கு டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) கூடுதலாக ஓர் இடம் கிடைக்கும். சீசன் நடுவில் கைமாறிய வீரருக்கு இந்த ஆஃபரைக் கொடுக்க முடியாது. ஆக, ஜூலையில் வாங்கும் அணிக்கு அந்த இழப்பீடு இல்லை. விற்கும் அணிக்கோ, தான் விட்டுக்கொடுக்கும் அந்த டிராஃப்ட் இடம்தான் அடிவிலை. அதற்குக் கீழே எது வந்தாலும் பேசாமல் வைத்திருப்பதே மேல்.

இதைப் புரிந்துகொண்டு நடந்த டிரேட் கார்பின் பர்ன்ஸுடையது. 2024 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு முழு சீசன் மிச்சமிருக்கும்போதே, மில்வாக்கி ப்ரூவர்ஸ் அவரை பால்டிமோருக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஜோயி ஓர்டிஸ், டி. எல். ஹால், அந்த ஆண்டு டிராஃப்டின் 34-ஆவது இடம். பால்டிமோருக்கு 15 வெற்றி, கன்சாஸ் சிட்டிக்கு எதிரான பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய பட்டச் சுற்று) முதல் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸுக்கு ஒரே ஒரு ரன் (அந்த ஆட்டத்தையும் 0-1 என்று தோற்றார்கள், பாவம்), கடைசியில் அவர் 21 கோடி டாலருக்கு அரிசோனா போனதும் டிராஃப்ட் இழப்பீடு. ப்ரூவர்ஸோ ஓர்டிஸை மூன்றாம் பேஸில் நிறுத்தி அந்த ஆண்டே தன் பிரிவை வென்றது. இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லாத டிரேட் அபூர்வம். இதே பேரத்தை ஜூலைக்குத் தள்ளியிருந்தால் ப்ரூவர்ஸுக்கு இந்த விலை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விற்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை

நம்மூரில் ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் மோதுகிற அதே வாரங்களில்தான் பேஸ்பாலில் டிரேட் செய்வதற்கான கெடுவும் வருகிறது. கடைசி நேரத்தில் மனம் மாறுவது இரண்டு இடத்திலும் செலவுதான்.

2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி பிளேஆஃப் இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்தங்கி இருந்தது. ஷோஹெய் ஒட்டானிக்கு அதுவே கடைசி சீசன். பந்து வீசுவதிலும் அடிப்பதிலும் ஒருசேர உச்சத்தில் இருந்த மனிதர். எந்த அணியும் தன் இளம் வீரர்களை அள்ளிக் கொடுத்திருக்கும். ஏஞ்சல்ஸ் அவரை விற்க மறுத்தது. அதோடு நிற்காமல் சிகாகோ வைட் சாக்ஸிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபெஸையும் வாங்கியது. அதற்குக் கொடுத்தவர்களில் ஒருவர் எட்கர் குவெரோ என்ற இளம் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்). வாங்கிய இருவருக்குமே அதுதான் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு.

ஆகஸ்ட் பிறந்ததும் தொடர் தோல்விகள். 23-ஆம் தேதி ஒட்டானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது தெரியவந்தது. மாதக் கடைசியில் அதே ஜியோலிட்டோ, லோபெஸ் உட்பட ஆறு பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெய்வர் பட்டியலில் போட்டார்கள். 73 வெற்றி, 89 தோல்வி. டிசம்பரில் ஒட்டானி அதே ஊரின் டாட்ஜர்ஸுடன் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஏஞ்சல்ஸுக்கு மிஞ்சியது இரண்டாம் சுற்றுக்குப் பிறகு வரும் ஒரு டிராஃப்ட் இடம்.

என் பார்வையில் ஒட்டானியை வைத்துக்கொண்டது பெரிய குற்றம் இல்லை. அப்படி ஒருவரை விற்றுவிட்டு ரசிகர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர்கள் யோசித்திருந்தால் அது நியாயமான பயம். ஆனால் அந்த ஆசைக்கு மேலும் இளம் வீரர்களைப் பந்தயம் வைத்ததுதான் தவறு. போகப்போகிறவருக்காக இருக்கப்போகிறவர்களையும் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல விலை வந்தபின்னும் காத்திருப்பது

மினசோட்டா ட்வின்ஸ் 2007 குளிர்காலத்தில் யோஹான் சன்டானாவை விற்கப் புறப்பட்டது. ஃப்ரீ ஏஜென்சிக்கு ஓராண்டு இருந்தது. யாங்கீஸ், ரெட் சாக்ஸ் இரண்டுமே களத்தில் இருந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ட்வின்ஸ் இழுத்ததில் இரண்டு அணிகளும் பின்வாங்கின. ஜனவரிக் கடைசியில் எஞ்சியது நியூயார்க் மெட்ஸ் மட்டும். வந்த நால்வரில் கார்லோஸ் கோமெஸ் மட்டுமே பெரிய வீரராக வளர்ந்தார், அதுவும் மில்வாக்கி போன பிறகு.

இங்கே வீரரின் கையிலும் ஒரு துருப்பு இருந்ததை மறக்கக் கூடாது. சன்டானாவின் ஒப்பந்தத்தில் டிரேடை மறுக்கும் உரிமை இருந்தது. மெட்ஸ் ஆறு ஆண்டுக்கு 13.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட பிறகே அவர் தலையசைத்தார். ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டாலும், பத்து ஆண்டு லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்த எந்த வீரருக்கும் இந்த உரிமை தானாக வந்துவிடும். யாரோடு பேரம் பேசலாம் என்பதை வீரரே தீர்மானிக்கும் நிலையில், நான்கு அணிகளை மோதவிட்டு விலை ஏற்றலாம் என்று கணக்குப் போடுவது வீண்.

முதல் பெயரை மட்டும் படிப்பது

இது நிர்வாகத்தைவிட நம்முடைய தவறு. டிரேட் செய்தி வந்தவுடன் பட்டியலில் முதலில் இருக்கும் பெயரைப் பார்க்கிறோம், பிடித்தால் வெற்றி, இல்லாவிட்டால் ஏமாளித்தனம்.

2008 ஜூலை 7 அன்று கிளீவ்லாந்து சி. சி. சபாத்தியாவை மில்வாக்கிக்குக் கொடுத்தது. தலைப்புச் செய்தியில் இருந்தவர் மேட் லபோர்ட்டா, முந்தைய ஆண்டு டிராஃப்டின் ஏழாவது வீரர். பட்டியலின் வாலில் 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று ஒருவர். லபோர்ட்டா கிளீவ்லாந்தில் சில சீசன்கள் திணறி மறைந்துபோனார். பெயரில்லாதவராக இருந்தவர் மைக்கேல் பிரான்ட்லி. ஐந்து முறை ஆல்-ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்களின் அணி).

வாங்கியவர்களுக்கும் குறை இல்லை. சபாத்தியா மில்வாக்கிக்கு 17 ஆட்டங்களைத் தொடங்கி 11 வென்றார், இரண்டுதான் தோற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக விட்ட ரன் (இஆர்ஏ) 1.65. போதிய ஓய்வில்லாமல் மூன்றே நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வீசி, 1982-க்குப் பிறகு முதல்முறையாக அந்த ஊருக்கு பிளேஆஃப் காட்டினார். பிறகு 16.1 கோடி டாலருக்கு யாங்கீஸ் போய்விட்டார். மில்வாக்கியில் அந்த டிரேடைக் குறை சொல்லும் ரசிகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ரேண்டி ஜான்சன் கதை இன்னும் ருசிகரமானது, ஏனென்றால் அவர் இரண்டு முனையிலும் இருந்திருக்கிறார். 1989 மே மாதம் மான்ட்ரியல் எக்ஸ்போஸ், ஒப்பந்தம் முடியப்போகும் சியாட்டில் பிட்சர் மார்க் லாங்ஸ்டனை வாங்க மூன்று இளம் பிட்சர்களைக் கொடுத்தது. லாங்ஸ்டன் நன்றாகவே வீசினார். அணி 81 வென்று 81 தோற்று வீட்டுக்குப் போனது. அவரும் சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குப் போனார். கொடுத்த மூவரில் ஒருவர், 208 சென்டிமீட்டர் உயரம், பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாத இடக்கைக்காரர். அவர்தான் ஜான்சன்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1998 ஜூலை 31 அன்று, சியாட்டில் அதே ஜான்சனை ஒப்பந்தத்தின் கடைசி மாதங்களில் ஹூஸ்டனுக்கு விற்றது. ஃப்ரெடி கார்சியா, கார்லோஸ் கியென், பின்னர் அறிவிக்கப்பட்ட ஜான் ஹலாமா என்ற யாருக்கும் தெரியாத பெயர்களைக் கேட்டு சியாட்டில் ரசிகர்கள் கொதித்தார்கள். ஹூஸ்டனில் ஜான்சன் பத்து வென்று ஒன்றே தோற்றது எரிகிற தீயில் எண்ணெய். ஆனால் 2001-ல் சியாட்டில் 116 ஆட்டங்களை வென்று வரலாற்றுச் சாதனையைச் சமன் செய்தபோது, அந்த மூவரும் அணியில் இருந்தார்கள். கார்சியாவின் இஆர்ஏதான் அமெரிக்கன் லீகிலேயே ஆகக் குறைவு.

முதலிடத்தில் இருக்கும்போது விற்பது

எண்களில் சரியாக வரும் டிரேடும் ஓய்வறையில் தவறாகப் போகலாம். 2022 ஆகஸ்ட் 1 அன்று ப்ரூவர்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அன்று ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் ஜோஷ் ஹேடரை சான் டியாகோவுக்கு விற்றது. வந்த நால்வரில் ஒருவரான டினெல்சன் லாமெட்டைச் சில நாளிலேயே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அணி சரிந்தது, ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் பிளேஆஃப் வாய்ப்பு கைநழுவிப் போயிற்று. அந்த டிரேடில் வந்த எஸ்டூரி ரூயிஸைக் கொடுத்துத்தான் டிசம்பரில் கேட்சர் வில்லியம் கான்ட்ரெராஸை வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது அற்புதமான பேரம். ஆனாலும் போட்டியில் இருக்கும் அணி பிட்சரை விற்றால், இந்த ஆண்டு ஆட்டத்துக்கும் பயன்படும் ஆளை அன்றே வாங்கி வைக்க வேண்டும்.

டிரேடுக்கு முன்பே நடந்துவிடும் தவறு

சில நேரம் டிரேடில் கோளாறே இருக்காது. அதற்கு ஆறு மாதம் முன்பு நடந்த பேச்சுவார்த்தையில் இருக்கும். 2014 தொடக்கத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், தான் வளர்த்தெடுத்த ஜான் லெஸ்டருக்கு நான்கு ஆண்டுக்கு 7 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. முப்பதைத் தாண்டிய பிட்சருக்கு நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்பது அவர்கள் கொள்கை. சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராத தொகை அது. பேச்சு நின்றது, அணி தோற்றது, ஜூலை 31 அன்று லெஸ்டர் ஓக்லாந்துக்குப் போனார்.

டிரேடாகப் பார்த்தால் பாஸ்டன் சாமர்த்தியமாகவே நடந்துகொண்டது. மைனர் லீக் பையன்களுக்குப் பதில் யோயெனிஸ் செஸ்பெடஸ் என்ற தேர்ந்த பேட்டரை வாங்கி, டிசம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ரிக் போர்செல்லோவைப் பிடித்தது. போர்செல்லோ 2016-ல் 22 ஆட்டங்களை வென்று சை யங் விருது வாங்கினார். ஓக்லாந்துதான் பாவம், லெஸ்டர் தொடங்கிய ஒரே பிளேஆஃப் ஆட்டத்தை 12 இன்னிங்ஸில் 8-9 என்று கன்சாஸ் சிட்டியிடம் இழந்தது.

சீசன் முடிந்ததும் பாஸ்டன் மறுபடி லெஸ்டரிடம் போனது. அவர் ஆறு ஆண்டுக்கு 15.5 கோடி டாலர் தந்த சிகாகோ கப்ஸைத் தேர்ந்தெடுத்து, 2016-ல் அவர்களோடு உலகத் தொடரை வென்றார். முதல்தர பிட்சர் இல்லாத பாஸ்டன் 2015 டிசம்பரில் டேவிட் பிரைஸுக்கு ஏழு ஆண்டு, 21.7 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. பிரைஸுக்கு அப்போது வயது 30.