படித்த புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி? செல்பேசியில் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஞாயிறு சாயங்காலம் ஒரு வீட்டு முகப்பில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சித்திரை வெயிலிலும் உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கும். வாரம் ஒருவர் தான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. தொடங்கிய புதிதில் எல்லாரும் சொன்னது ஒரே சொல்தான்: "நல்லாருக்கு." அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. படிக்காமல் வந்தவர்கள் யாரும் இல்லை. படித்ததை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கு ஒருவரும் காட்டிக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

மேலவீட்டு ஆச்சிக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "புத்தகத்துல எழுத்து எறும்பு மாதிரி ஊருது தாயி. போன்ல பெருசாத் தெரியுமாமே?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் வேறு, அது வந்து சேரும் கோப்பு வேறு, அதைத் திறந்து காட்டும் செயலி வேறு. பணியாரத்தின் ருசியும் அதை வைத்துக் கொடுத்த தட்டும் ஒன்றல்லவே. கருத்துச் சொல்லும்போது இந்த மூன்றையும் கலந்துவிட்டால் கேட்பவருக்குப் பயன் இல்லை.

படி 1: முறையாகக் கிடைக்கும் புத்தகமாக எடுங்கள்

முதல் தடவை ஐந்நூறு பக்க நாவல் வேண்டாம், ஒரு சிறுகதை போதும். காசு கொடுத்து வாங்குவதென்றால் அமேசானின் மின்னூல் செயலியான கிண்டிலிலும் கூகுள் பிளே புக்ஸிலும் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. கிண்டிலில் தமிழ் 2016 டிசம்பரில்தான் வந்தது. இலவசமாக வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. சங்க நூல்கள் முதல் பழைய நாவல்கள் வரை தன்னார்வலர்கள் உழைப்பில் இணையத்தில் ஏறியிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களைப் படிக்கலாம். எழுதியவர்களே மனமுவந்து பொது உரிமத்தில் கொடுத்த நூல்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் உண்டு.

விற்பனையில் இருக்கும் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தயவுசெய்து வாங்காதீர்கள், அடுத்தவருக்கும் தள்ளாதீர்கள். எழுதியவருக்கு அதில் ஒரு பைசா சேராது.

படி 2: கோப்பு எந்த வகை என்று பாருங்கள்

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிடிஎஃப் என்பது சட்டம் போட்ட போட்டோ மாதிரி. தாளில் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஈபப் என்பது தண்ணீர் மாதிரி, ஊற்றிய பாத்திரத்துக்குத் தக்கபடி நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி திரைக்குள் அடங்கிவிடும். செல்பேசியில் படிக்க ஈபப் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பிடிஎஃப்தான் இருக்கிறது என்றால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு சொல்லை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். சொல் சரியாக வந்தால் நல்ல கோப்பு. ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாக வந்தால், அது ஒருங்குறிக்கு (இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்து முறைக்கு) முந்தைய பாமினி, டாப் போன்ற பழைய எழுத்துருவில் செய்தது. கண்ணால் படிக்கலாம், ஆனால் உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம்.

ஈபப்பைத் திறக்க கூகுள் பிளே புக்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ரீட்எரா போன்ற செயலி போதும். கிண்டிலிலும் 2022 முதல் ஈபப் கோப்பை அனுப்பிப் படிக்க முடிகிறது.

படி 3: எழுத்தைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

திரையின் நடுவில் ஒரு தட்டு தட்டினால் மேலேயோ கீழேயோ ஒரு பட்டை வரும். அதில் ஆங்கில 'A' எழுத்து பெரிதும் சிறிதுமாகச் சேர்ந்த குறி இருக்கும். அதுதான் எழுத்து அமைப்பு.

ஆச்சி ஆசை தீர எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது. நாலு வரி படிப்பதற்குள் பக்கம் தள்ள வேண்டியிருந்தது. "என்ன தாயி, படிக்கிறதுக்குள்ள ஓடிப்போயிருது?" என்றார். "ஆச்சி, ரெண்டு படி குறைங்க, அப்புறம் வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டுங்க" என்றேன். தமிழுக்கு இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'கூ'வின் கால் கீழே இறங்கும். வரிகள் நெருங்கி நின்றால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொண்டு கண் வலிக்கும். இடைவெளி விட்டதும் சின்ன எழுத்தே தெளிவாகத் தெரிந்தது. பின்னணியை இளமஞ்சளாக மாற்றியதும் ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். அன்றைக்கு மாலைக் காபி ஆறிப்போனது.

இன்னொன்று. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் கனம் அதிகம். முகப்பில் கிடைக்கும் சிக்னல் உள்பக்கம் இருக்கும் இரண்டாங்கட்டுக்குள் எட்டாது. புத்தகத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

படி 4: படிக்கும்போதே மூன்று இடத்தில் குறி போடுங்கள்

முடித்த பிறகு யோசித்தால் "நல்லாருக்கு" மட்டும்தான் மிஞ்சும். அதனால் படிக்கும்போதே வரியை அழுத்திப் பிடித்து நிறம் பூசுங்கள். மூன்றே மூன்று குறி போதும்: மனதைத் தொட்டு நீங்கள் நின்றுவிட்ட இடம், அலுப்புத் தட்டிய இடம், புரியாத இடம்.

பக்க எண்ணைக் குறிக்காதீர்கள். எழுத்தின் அளவை மாற்றினால் பக்கக் கணக்கும் மாறிவிடும். உங்கள் செல்பேசியில் நாற்பதாம் பக்கம், என்னுடையதில் அறுபதாக இருக்கும். அத்தியாயத்தைக் குறித்துக்கொண்டால் எல்லாருக்கும் பொருந்தும்.

படி 5: எழுதுங்கள்

சின்னதாகத் தொடங்கச் சொன்னேன், ஆச்சி கேட்கவில்லை. தமிழில் வந்த முதல் நாவல் என்று கேள்விப்பட்டு, மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தையே எடுத்தார். முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. முகப்பில் அவர் முறை வந்தபோது சொன்னது வழக்கம்போல, "நல்லாருக்கு."

"படிக்கிறப்ப எந்த இடத்துல மனசு நின்னுச்சு ஆச்சி?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "நடுவுல நடுவுல கதைக்குள்ள கதை வந்துக்கிட்டே இருக்கு. எங்க ஐயா ராத்திரி கதை சொல்றப்ப இப்படித்தான் சொல்லுவாக. புத்திமதி வர்ற இடத்தைத் தள்ளிட்டேன். அந்த ஞானாம்பாள் வர்ற இடமெல்லாம் ஓட்டமா ஓடுச்சு."

அவர் சொன்னதை அவர் எதிரிலேயே எழுதிக் காட்டினேன்:

"கதை கேட்டு வளர்ந்தவள் நான், நாவல் அதிகம் படித்ததில்லை. இதில் கதைக்குள் கதையாகக் கிளைக்கதைகள் வருகின்றன. என் ஐயா கதை சொல்லும் முறை இதேதான் என்பதால் எனக்கு அது தடையாக இல்லை. வேகமாகப் போகும் கதை வேண்டும் என்பவர்களுக்குத் தடையாக இருக்கும். புத்திமதிப் பகுதிகள் நீளம், சிலவற்றைத் தாண்டிப் படித்தேன். ஞானாம்பாளின் துணிச்சலுக்காகவே முடித்தேன். அவள் என்ன செய்கிறாள் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்."

இதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். படித்தவர் எப்படிப்பட்டவர் என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. அதனால்தான் அவர் கருத்தை நாம் எடைபோட முடிகிறது. பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது, பிடிக்காததற்கும் இருக்கிறது. யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லியாகிவிட்டது. முக்கியத் திருப்பத்தை வெளியே விடவில்லை. கதைச் சுருக்கமே இல்லை, கவனித்தீர்களா? புதியவர்கள் முக்கால்வாசி இடத்தைக் கதைச் சுருக்கத்துக்கே செலவழித்துவிடுகிறார்கள். அதை அட்டையிலேயே படித்துக்கொள்வார்கள். உங்களுக்கு என்ன ஆனது என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

எந்தப் பதிப்பு என்றும் ஒரு சொல் சேருங்கள். நாட்டுடைமை ஆன நூல்களையும் உரிமைக் காலம் முடிந்த நூல்களையும் யாரும் வெளியிடலாம் என்பதால் ஒரே நாவல் நாலைந்து பதிப்பகங்களிலிருந்து வரும். ஒன்றில் பிழை மலிந்திருக்கும், இன்னொன்று சுத்தமாக இருக்கும்.

தமிழில் தட்டச்சு வராது என்று தயங்க வேண்டாம். செல்லினம், ஜிபோர்டு இரண்டிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆச்சி மாதிரி விரல் நடுங்குபவர்கள் ஜிபோர்டில் மைக் குறியைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பேச்சு வழக்கை அது அடிக்கடி தப்பாகப் பிடிக்கும், ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள்.

படி 6: நட்சத்திரம் போடுவது

படித்த புத்தகங்களுக்கு மதிப்புப் போடும் இணையதளமான குட்ரீட்ஸில் ஐந்து நட்சத்திரம், அரை நட்சத்திரம் கிடையாது. அங்கே இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்திருந்தது, ஐந்து என்றால் அற்புதம். நம்மவர்கள் மூன்று போட்டாலே எழுத்தாளரை அவமதித்த மாதிரி நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மூன்று நல்ல மதிப்புத்தான். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் உங்களுக்கு உண்மையிலேயே உயிராக இருக்கும் புத்தகம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் முன்பு செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு மின்னூலில் 'கொ' என்ற எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தது. பக்கத்துக்குப் பத்து இடம் இப்படி. கோபத்தில் அந்த நாவலுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அதே நாவலைத் தாளில் படித்தேன். அவ்வளவு அருமையான எழுத்து. எழுதியவர் செய்யாத குற்றத்துக்கு அவருக்கு நான் தண்டனை கொடுத்திருக்கிறேன். அன்று இரவே போய் மாற்றினேன். எழுத்து உடைவது கோப்பைச் செய்தவரின் பிழை, அல்லது செயலி தமிழைச் சரியாகக் காட்டாத பிழை. வேறொரு செயலியில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குறை செயலியிடம், அங்கேயும் உடைந்தால் கோப்பிடம். அதைத் தனியாகச் சொல்லுங்கள், நட்சத்திரத்தில் ஏற்றாதீர்கள்.

படி 7: செயலியைப் பற்றி எழுதும்போது

"வேஸ்ட், எடுக்காதீங்க" என்று எழுதுவதால் செயலியைச் செய்தவருக்கும் பயன் இல்லை, அடுத்து வருபவருக்கும் இல்லை. என்ன செல்பேசி, செயலியின் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன ஆனது, இவ்வளவும் இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் 'இந்த ஆப்ஸ் பற்றி' என்பதைத் தொட்டால் பதிப்பு எண் கிடைக்கும். "எழுத்தை மிகப் பெரிதாக்கினால் வலது ஓரத்தில் கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. ஒரு படி குறைத்தால் சரியாகிறது" என்று எழுதினால் திருத்த வழி உண்டு. திருத்திவிட்டால் நீங்களும் போய் உங்கள் கருத்தை மாற்றுங்கள். பிளே ஸ்டோரில் எழுதுவது உங்கள் கூகுள் கணக்கின் பெயரோடும் படத்தோடும் எல்லாருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஒத்துப்போகாதபோது

புத்திமதிப் பகுதிகளைத் தாண்டிவிட்டதாக ஆச்சி சொன்னதைக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் ஒப்புக்கொள்ளவில்லை. "புத்திமதியைத் தாண்டிட்டா அந்த நாவல்ல பாதி போச்சு ஆச்சி, அவர் எழுதுனதே அதுக்காகத்தான்" என்றான். ஆச்சிக்கு முகம் சிவந்தது. சரி, சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். "எங்க, ஒரு இடத்தை வாசி" என்றார். அவன் செல்பேசியைத் திறந்து குறி போட்ட பத்தியை வாசித்தான். ஆச்சி கேட்டுவிட்டு, "இந்த இடம் நல்லாத்தான் இருக்கு. மத்த இடமும் இப்படி இருக்குமா?" என்றார். அடுத்த வாரம் இரண்டு அத்தியாயத்தைத் திரும்பப் படித்துவிட்டு வந்து, "பாதிதான் உன் கட்சி" என்று தீர்ப்புச் சொன்னார்.

1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. ஒரே காவியத்தை இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மேடையில் பாட்டை எடுத்துக்காட்டாமல் யாரும் கட்சி பேச முடியாது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். "எனக்கு அப்படித் தோணலை" என்றால் எந்த இடத்தைப் படித்து அப்படித் தோன்றவில்லை என்று காட்ட வேண்டும்.

கடைசியாக, எழுதியதன் கீழே தேதி போடுங்கள். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு இதழ்கள், நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று துண்டுத் தாள்களையும் விடாமல் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அன்றைக்கு யாரும் மதிக்காத தாள்களை இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகிறார்கள்.

ஆச்சி இப்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். செல்பேசியில் பேசி எழுதியதைப் பேனாவில் பெயர்த்து எழுதி, ஓரத்தில் தேதி போட்டு, எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துவிடுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது பக்கம் வந்திருந்தது.