நள்ளிரவில் எழுப்பும் அலர்ட்: புரோமீதியஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர்களைக் கண்காணிக்கும் புரோமீதியஸ் மென்பொருளை நிறுவிய முதல் வாரத்தில் ஆசை ஆசையாக அலர்ட் விதிகளை எழுதிக் குவிக்கிறோம். மூன்றாவது மாதத்தில் அவற்றால் வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலேயே அழிக்கிறோம். ஒவ்வொரு விதியும் தூங்குகிற ஒருவரை எழுப்பப் போகிறது என்ற நினைப்பு எழுதும்போது நமக்கு இருப்பதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லா டிஸ்க்குகளுக்கும் ஒரே விதிதான்: 90 சதவீதம் நிரம்பினால் மின்னஞ்சல். பேக்கப் டிஸ்க் எப்போதுமே 91, 92 என்றுதான் நிற்கும். அதற்கான மின்னஞ்சல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. புரோமீதியஸின் அலர்ட்டுகளை உரியவர்களுக்கு அனுப்பும் அலர்ட்மேனேஜரின் இயல்பான மறு அறிவிப்பு இடைவெளி அதுதான். சலித்துப்போய் எல்லோரும் அதைத் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டோம். ஒரு சனிக்கிழமை டேட்டாபேஸ் டிஸ்க் நிரம்பியபோது அந்த எச்சரிக்கையும் அதே ஃபோல்டரில் போய் விழுந்தது. வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

சதவீதம் மட்டும் போதாது. 4 டெராபைட் டிஸ்க்கில் பத்து சதவீதம் என்பது 400 ஜிபி. 20 ஜிபி டிஸ்க்கில் வெறும் 2 ஜிபி. இப்போதைய வேகத்தில் எப்போது நிரம்பும் என்று கணிக்க 'பிரெடிக்ட் லீனியர்' என்ற செயற்கூறு இருக்கிறது. அதை வைத்து எழுதுங்கள். செய்தியின் வாசகத்திலும் கவனம் வேண்டும். "டிஸ்க் எச்சரிக்கை" என்று மட்டும் வந்தால் பாதித் தூக்கத்தில் படிப்பவர் என்ன செய்வார்? "டேட்டாபேஸ் சர்வர் 2, டேட்டா டிஸ்க், 12 ஜிபி மீதம், நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும், முதலில் பழைய லாக் கோப்புகளைப் பாருங்கள்" என்று வந்தால் அவர் கை உடனே வேலையில் இறங்கும்.

அந்த '12 ஜிபி' என்ற மதிப்பை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதை அனோடேஷனில், அதாவது அலர்ட்டோடு போகும் விளக்கக் குறிப்பில்தான் எழுத வேண்டும். அலர்ட்டை அடையாளம் காட்டும் லேபிளில் எழுதினால், மதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் புரோமீதியஸ் அதைப் புதிய அலர்ட்டாகவே எண்ணும். விதியில் 'ஃபார்' என்று ஐந்து நிமிடக் காத்திருப்பு வைத்திருந்தால், அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். அலர்ட் கடைசிவரை அடிக்காமலே போகலாம். அதற்காக 'ஃபார்' வரியையே விட்டுவிடவும் கூடாது. அது இல்லாவிட்டால் ஒரு நொடி ஏறி இறங்கும் சிபியு கூட உங்களை எழுப்பிவிடும்.

எனக்கு மிகவும் பயம் தருவது இன்னொன்று. "பிழைகள் நூறைத் தாண்டினால் சொல்" என்று விதி இருக்கிறது. சர்வரே விழுந்துவிட்டால் எண்ணிக்கை வருவதே நின்றுவிடும். தரவு இல்லையென்றால் நிபந்தனையும் பொருந்தாது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த அலர்ட்கூட "சரியாகிவிட்டது" என்று அடங்கிவிடும். ஆகவே, சர்வர் பதில் சொல்கிறதா என்று 'அப்' அளவீட்டைத் தனியாகப் பாருங்கள். வந்தே தீர வேண்டிய அளவீடு காணாமல் போனால் பிடிக்க 'ஆப்சென்ட்' வைத்து ஒரு விதி எழுதுங்கள்.

எந்த அலர்ட் யாருக்குப் போக வேண்டும் என்று அலர்ட்மேனேஜரில் எழுதும் ரூட் வரிசையும் சிக்க வைக்கும். மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்துகிற கிளையோடு நின்றுவிடுவதே அதன் இயல்பு. கீழே இருக்கும் டேட்டாபேஸ் குழுவுக்கும் செய்தி போக வேண்டுமென்றால் மேல் கிளையில் 'கன்டினியூ' அமைப்பை இயக்க வேண்டும். அலர்ட்டுகளை ஒரே மின்னஞ்சலாகக் குழுவாக்கும் லேபிளாக, ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியே குறிக்கும் இன்ஸ்டன்ஸைக் கொடுத்தால், ஒரு சுவிட்ச் செத்தால் அதன் பின்னுள்ள நாற்பது சர்வர்களுக்கும் நாற்பது மின்னஞ்சல்கள் வரும். சுவிட்ச் அலர்ட் அடிக்கும்போது மற்றவற்றை அடக்க 'இன்ஹிபிட்' விதி இருக்கிறது. மின்னஞ்சலுக்கு "சரியாகிவிட்டது" என்ற அறிவிப்பு இயல்பாகப் போகாது. வேண்டுமென்றால் நீங்களே இயக்க வேண்டும்.

மாற்றியதும் அலர்ட்மேனேஜரோடு வரும் 'ஆம்டூல்' என்ற கருவியைக் கொண்டு அமைப்புக் கோப்பைச் சரிபாருங்கள். எந்த லேபிளோடு வரும் அலர்ட் யாருக்குப் போகும் என்பதையும் அதிலேயே சோதிக்கலாம். பிறகு ஒரு பொய் அலர்ட்டை அனுப்பி, உண்மையிலேயே கைப்பேசி அடிக்கிறதா என்று பாருங்கள்.

அலர்ட்மேனேஜரே நின்றுவிட்டால் யார் சொல்வது? அதற்காக எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் 'வாட்ச்டாக்' என்ற அலர்ட்டை வைப்பார்கள். அதை வெளியே உள்ள ஒரு சேவைக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது வராமல் போனால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும். அந்தச் சேவை உங்கள் சர்வர்கள் இருக்கும் அதே டேட்டா சென்டரில் இருக்கவே கூடாது.