மேற்கு பப்புவா கைதிகளுக்காகத் தொலைவில் இருந்து குரல் கொடுப்பது எப்படி

மேற்கு பப்புவாவில் யாரையோ அடித்து இழுத்துப் போகும் வீடியோ ஒன்று கண்ணில் படுகிறது. மனசு கொதிக்கிறது, பகிர்கிறோம், கோபமாக நாலு வரி எழுதுகிறோம், மறுநாள் வேறு வேலை வந்துவிடுகிறது. அந்தக் கைதிக்கு இதனால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. அதே நேரத்தைச் சரியாகச் செலவழித்தால் ஒருவருக்கு வக்கீலைப் பார்க்க அனுமதி கிடைக்கலாம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம், "இந்த ஆளை வெளியில் பலர் கவனிக்கிறார்கள்" என்ற எண்ணமாவது காவல் நிலையத்தில் இருப்பவருக்கு வரலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு வேகமாக: நியூ கினித் தீவின் மேற்குப் பாதி, முன்பு டச்சு ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பர் 1 அன்று பப்புவா விடுதலையின் அடையாளமான விடிவெள்ளிக் கொடி முதன்முறையாக ஏறியது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் நியூயார்க்கில் போட்ட ஒப்பந்தத்தின்படி, 1963 மே 1 அன்று நிர்வாகம் இந்தோனேசியாவிடம் போனது. 1969ல் மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று சொல்லி ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் பொறுக்கி எடுத்து, ராணுவத்தின் கண்முன்னே ஒருமனதாக "இந்தோனேசியாவுடனேயே இருக்கிறோம்" என்று சொல்ல வைத்தார்கள். ஐ.நா. பொதுச்சபை அதைக் கவனத்தில் கொண்டதாகத் தீர்மானம் போட்டுக் கோப்பை மூடியது. பப்புவா மக்கள் மூடவில்லை.

கோரிக்கையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பப்புவா தனி நாடாக வேண்டுமா என்பது ஒரு கேள்வி. கொடியை ஏற்றியவரைப் பதினைந்து வருடம் உள்ளே போடலாமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம், அதைத் தாராளமாகப் பேசலாம், ஆனால் ஒரு கைதிக்காக எழுதும் கடிதத்தில் அதைக் கொண்டுவராதீர்கள். ஏனென்றால் இந்தோனேசியத் தூதரகங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "பிரிவினையை ஆதரிக்கிறீர்கள், 1969ல் முடிந்த விஷயம், எங்கள் இறையாண்மை." அந்தப் பதிலைச் சொல்ல இடம் கொடுக்காத கடிதம்தான் நல்ல கடிதம். குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தோனேசியா 2006ல் தானாகவே சேர்ந்தது, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் அதற்கும் முன்பே, 1998ல். "நீங்கள் கையெழுத்துப் போட்டதைத்தான் கேட்கிறோம்" என்று சொன்னால், இறையாண்மை என்ற வாதத்தை வைத்துத் தப்பிப்பது கஷ்டம்.

தனி நாடு கேட்டுப் போராடும் ஆயுதக் குழுக்கள் விஷயத்திலும் நேர்மை வேண்டும். 2018 டிசம்பரில் பப்புவாவின் மலைப்பகுதியான ண்டுகாவில் அவர்கள் கையால் சாலைப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு நியூசிலாந்து விமானியைப் பிடித்துப் போய் 2024 செப்டம்பர் வரை வைத்திருந்தார்கள். இவற்றைப் பூசி மெழுகினால், அதே ண்டுகாவில் ராணுவ நடவடிக்கையால் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடியதைப் பற்றி நீங்கள் பேசும்போது யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். யார் செய்தாலும் பொதுமக்களைக் கொல்வது தப்பு. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள், பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

எந்தச் சட்டப்பிரிவு?

கைதுச் செய்தி வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய குற்றவியல் சட்டத்தின் 106, 110ஆம் பிரிவுகள், அதாவது "மகார்" எனப்படும் தேசத்துரோகக் குற்றம், வழக்கமாக பப்புவாக்காரர்கள் மேல் பாய்ந்தவை. வன்முறையே இல்லாத ஊர்வலத்துக்கும் இதே பிரிவுதான். புதிய குற்றவியல் சட்டம் 2026 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன, எனவே பழைய அறிக்கையைப் பார்த்து எண்ணைக் காப்பியடிக்க வேண்டாம், குற்றப்பத்திரிகையில் இருப்பதை வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள். விடிவெள்ளிக் கொடி தடை என்பதற்கு 2007ன் 77ஆம் எண் அரசு ஒழுங்குவிதியைக் காட்டுவார்கள். சமூக ஊடகப் பதிவென்றால் மின்னணுத் தகவல் சட்டம் வரும்.

பேரணி வழக்குகளில் இன்னொன்றையும் பாருங்கள். இந்தோனேசியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பேரணிக்கு போலீஸுக்கு முன்கூட்டித் தகவல் சொன்னால் போதும், அனுமதி வாங்கத் தேவையில்லை. பப்புவாவில் நடப்பது என்னவென்றால், தகவல் கொடுத்ததற்கான ரசீதை போலீஸ் தர மறுத்துவிட்டு, ரசீது இல்லை என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். தகவல் கடிதத்தின் நகல் அமைப்பாளர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அது பெரிய ஆதாரம்.

ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"பப்புவா அரசியல் கைதிகளை விடுதலை செய்" என்று எழுதினால் அது யாருடைய மேஜையிலும் போய்ச் சேராது. ஒரு பெயர், ஒரு சிறை, ஒரு வழக்கு, ஒரு கோரிக்கை என்று இருக்க வேண்டும்.

ஃபிலெப் கர்மாவின் கதையைப் பாருங்கள். அரசு ஊழியர். 2004 டிசம்பர் 1 அன்று அபேபுராவில் விடிவெள்ளிக் கொடியை ஏற்றிய நிகழ்ச்சியை நடத்தியதற்காகக் கைதாகி, 15 ஆண்டுத் தண்டனை வாங்கினார். ஆம்னெஸ்டி என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பு, அவரை மனசாட்சிக் கைதி (கருத்துக்காக மட்டுமே சிறையில் இருப்பவர்) என்று அறிவித்தது, உலகம் முழுக்க அவர் பெயரில் கடிதங்கள் போயின. அவர் உடல்நிலை மோசமானபோது, ஆதரவாளர்களின் கோரிக்கை "மருத்துவமனைக்குக் கொண்டுபோ" என்று சுருங்கி நின்றது, 2010ல் சிகிச்சைக்காக ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். 2011ல் ஐ.நா.வின் தன்னிச்சையான காவல் பற்றிய பணிக்குழு, அவரை அடைத்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 48ஆம் எண் கருத்துரையில் சொன்னது. அரசு அப்போதும் விடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு "அவர் சாதாரணக் குற்றவாளி" என்று எந்த அதிகாரியும் கூச்சமில்லாமல் சொல்ல முடியவில்லை. 2015ல் ஜனாதிபதி ஜோகோவி வேறு ஐந்து பப்புவா கைதிகளுக்கு மன்னிப்பு கொடுத்தபோது, கர்மா மன்னிப்பே வேண்டாம் என்றார், ஏற்றுக்கொண்டால் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பதால். அந்த நவம்பரில் தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார்.

இதில் நமக்கு முக்கியமானது அந்த மன்னிப்பு விஷயம். அவருக்காக "கருணை காட்டுங்கள்" என்று ஊர்கூடிக் கையெழுத்து இயக்கம் நடத்தியிருந்தால், அது அவர் நிலைப்பாட்டையே குழிதோண்டிப் புதைத்திருக்கும். எந்தக் கோரிக்கை வைக்க வேண்டும் என்பதைக் கைதியும் குடும்பமும் வக்கீலும்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் ஒலிபெருக்கி மட்டும்.

தகவல் சேகரிக்கும்போது

கைதியின் முழுப் பெயர், வயது, கைதான தேதி, நேரம், இடம், யார் பிடித்தார்கள், எந்தச் சீருடை, வாரண்ட் காட்டினார்களா, அதன் நகல் குடும்பத்துக்குக் கிடைத்ததா, இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள், வக்கீல் பார்த்தாரா, உடம்பில் காயம் உண்டா, மருந்து கிடைக்கிறதா. எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. கிடைக்காததை ஊகித்து நிரப்பாதீர்கள், காலியாகவே விடுங்கள். "கேள்விப்பட்டேன்" என்பதும் "பார்த்தேன்" என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இடப் பெயரில்தான் அதிகம் வழுக்குகிறது. போராட்டக்காரர்கள் மேற்கு பப்புவா என்று சொல்வது முழு நிலப்பரப்பையும், இந்தோனேசிய அரசு ஆவணத்தில் அது ஒரே ஒரு மாகாணம். 2022ல் புதிதாக நான்கு மாகாணங்களைப் பிரித்ததால் மொத்தம் ஆறு ஆகிவிட்டது. வமேனா இப்போது மலைப் பப்புவாவில் வரும், நபிரே மத்தியப் பப்புவாவில். பழைய அறிக்கையை நம்பி எழுதினால் தவறான அலுவலகத்துக்குக் கடிதம் போய்விடும். நேரமும் அப்படித்தான்: பப்புவா ஜகார்த்தாவைவிட 2 மணி நேரம் முன்னால், எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடாமல் எழுதினால், "கைதான நேரமே பொருந்தவில்லை" என்று அரசுத் தரப்பு கிண்டலடிக்கும்.

படம், வீடியோ வந்தால் எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் போன்ற உள் விவரங்கள் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். மூலத்தைத் தொடாமல் ஒரு இடத்தில் வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பொதுவில் போடும் நகலில் முகங்களை மறைத்து, இட விவரத்தை நீக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களைச் சரிபார்ப்பதற்கென்றே 2020ல் வெளியான பெர்க்லி நெறிமுறை இருக்கிறது, காயங்களையும் சித்திரவதையையும் பதிவு செய்ய இஸ்தான்புல் நெறிமுறை. இரண்டையும் முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் சம்மதம் பற்றிய பகுதியையாவது படியுங்கள்.

சம்மதம் என்பது "சரி, போடுங்க" என்று ஒருமுறை கேட்டு முடிப்பதில்லை. பெயரைப் போடலாமா, ஐ.நா.வுக்கு அனுப்பலாமா, அரசுக்குத் தெரிந்தால் பரவாயில்லையா, இந்த மூன்றும் மூன்று கேள்வி.

கடிதம்

ஒரு பக்கம். மரியாதையான மொழி. திட்டினால் நமக்குத்தான் ஆறுதல், படிப்பவர் தூக்கிப் போட்டுவிடுவார். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்ன தேதியில் இன்ன இடத்தில் கைதான இன்னாரைப் பற்றி எழுதுகிறேன். அமைதியான முறையில் கருத்துத் தெரிவித்ததற்காக மட்டுமே அவர் காவலில் இருக்கிறார் என அறிகிறேன். கைதானதிலிருந்து வக்கீலைத் தனியாகச் சந்திக்க அவருக்கு அனுமதி இல்லை. உடனடியாக அந்த அனுமதியும் மருத்துவப் பரிசோதனையும் வழங்க வேண்டும் என்றும், வன்முறைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் நிபந்தனையின்றி விடுவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த நடவடிக்கையைத் தெரிவித்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்."

ஆங்கிலத்திலோ இந்தோனேசிய மொழியிலோ அனுப்புங்கள். பப்புவா மாகாணக் காவல்துறைத் தலைவர், தேசிய மனித உரிமை ஆணையமான கோம்னாஸ் ஹாம், உங்கள் நாட்டில் உள்ள இந்தோனேசியத் தூதரகம் ஆகிய மூன்றுக்கும் அனுப்பலாம். நகலை உங்கள் எம்.பி.க்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள், பலர் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். எல்லோரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேர் சொந்த நடையில் எழுதியது மேல்.

ஐ.நா. வழி

முன்பு சொன்ன குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கைக்கு, தனிநபர் புகார் கொடுக்க வழிசெய்யும் ஒரு துணை நெறிமுறை உண்டு, அதில் இந்தோனேசியா சேரவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் நேரடியாகப் புகார் செய்ய முடியாது. மிச்சமிருப்பது சிறப்பு நடைமுறைகள்: சித்திரவதை, கருத்துச் சுதந்திரம், மனித உரிமைக் காப்பாளர்கள், பழங்குடி மக்கள் உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறார், கூடவே மேலே சொன்ன காவல் பணிக்குழு. இணையப் படிவத்தில் அனுப்பலாம். செய்தித்தாள் செய்தியை மட்டும் வைத்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பெயர் சொல்லாத புகாரும் செல்லாது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கேட்பார்கள், அரசியல் பிரசார வாடை அடித்தால் ஓரம்கட்டுவார்கள். அவர்கள் அரசுக்கு எழுதும் கடிதம் பொதுவாக 60 நாள் ரகசியமாக இருந்து, பிறகு இணையத்தில் வெளியாகும். எனவே அனுப்பிய மறுநாளே "ஐ.நா. தலையிட்டது" என்று பதிவு போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து, சித்திரவதை நடக்கிறது என்றால் அவசர முறையீடு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இதையெல்லாம் உள்ளூர் சட்ட உதவி அமைப்புகள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கலாம். முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஒரே வழக்குக்கு முரண்பட்ட தேதிகளோடு இரண்டு புகார் போனால் இரண்டுமே வீண்.

செய்யக்கூடாதது

சுற்றுலா விசாவில் போய் "நேரில் பார்த்து எழுதுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். 2014ல் வமேனாவில் இரண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களைப் பிடித்தார்கள், இரண்டரை மாதத்தில் விட்டுவிட்டார்கள். 2018ல் ஒரு போலந்துக்காரரைப் பிடித்து மகார் பிரிவில் தண்டித்தார்கள், அவரோடு தொடர்பில் இருந்த பப்புவா மாணவர் ஒருவருக்கும் சிறை. வெளிநாட்டவருக்கு ஒரு தூதரகம் இருக்கிறது, அந்த மாணவருக்கு யார் இருந்தார்கள்? பணம் அனுப்புவதும் அப்படியே. "வெளிநாட்டு நிதி" என்ற ஒற்றை வரி குற்றப்பத்திரிகைக்குப் போதும், வக்கீல் சொல்லும் வழியில் மட்டும் அனுப்புங்கள்.

மே 1, ஆகஸ்ட் 15 (நியூயார்க் ஒப்பந்தம் கையெழுத்தான நாள்), டிசம்பர் 1 ஆகிய நாள்களையொட்டிக் கைதுகள் கூடும். 2019 ஆகஸ்டில், சுரபாயாவில் பப்புவா மாணவர்களைக் குரங்கு என்று திட்டியதால் கிளம்பிய போராட்டத்தின்போது இணையத்தையே முடக்கினார்கள் (அது சட்டவிரோதம் என்று 2020 ஜூனில் ஜகார்த்தா நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது). அதனால் அந்தத் தேதிகளுக்கு முன்பே தொடர்பு எண்களைச் சரிபார்த்து, கடித வரைவைத் தயாராக வையுங்கள்.

அந்தப் போராட்டத்தில் கைதான ஏழு பேரைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கடல்தாண்டி போர்னியோ தீவில் உள்ள பாலிக்பாப்பானுக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். அரசுத் தரப்பு 5 முதல் 17 ஆண்டு கேட்டது, 2020 ஜூனில் கிடைத்தது 10, 11 மாதம். நீதிமன்றத்தின் மேல் அத்தனை கண்கள் இருந்தது ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. ஆனால் அதுவும் குற்றவாளி என்ற தீர்ப்புதான், விடுதலையைக் கொண்டாடும் பதிவில் அதை விட்டுவிடாதீர்கள்.

ஆள் வெளியே வந்ததும் படத்தைப் போட அவசரப்படாமல் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், கண்காணிப்பு தொடரலாம், அவர் சில மாதம் சும்மா இருக்க விரும்பலாம். உங்களோடு சேர்ந்து எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி அனுப்புங்கள், எம்.பி. அலுவலகத்துக்கும் சேர்த்து, அப்போதுதான் அடுத்த வழக்குக்குப் போன் செய்தால் எடுப்பார்கள்.